எங்களுக்கு விழுந்த ஓட்டு

பிப்ரவரி 11

அக்கா,

போன்ல பேசினா நீ என்னைப் பேச விடமாட்டே. "தெரியும் தெரியும்"னு சொல்லிட்டு உன் ஆபீஸ் கதைக்குப் போயிடுவே. போன தடவை சண்டையில டக்குன்னு போனை வெச்சது நான்தான், ஒத்துக்கறேன். அதனால இனிமே எழுதறேன். கடிதாசியை நடுவுல வெட்ட முடியாது பாரு.

சொல்ல வந்தது இதுதான். என் கால் இருக்கிறது எனக்குத் தெரியல. நேத்து பட்டறையிலிருந்து வரும்போது ஒரு செருப்பு கழண்டு விழுந்திருக்கு. நான் பாட்டுக்கு நடந்து வந்திருக்கேன். தெருமுனை சைக்கிள் கடைக்காரர், "என்னம்மா, ஒத்தைச் செருப்போட எங்க கிளம்பிட்டே"ன்னு கேட்டப்பதான் குனிஞ்சு பார்த்தேன். பாதத்துல ரத்தம். வலியே இல்ல. அவர் சிரிச்சார், நானும் சிரிச்சு வெச்சேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன்.

எனக்கு மட்டும் இல்ல, சொல்யூஷன் ரூம்ல எல்லாருக்கும் இப்படித்தான். ஷூவோட மேல்பாகத்தையும் சோலையும் ஒட்ட நாங்க தடவுற பசையைத்தான் சொல்யூஷன்னு சொல்றோம். புது டின் வந்ததிலிருந்து ஆரம்பிச்சது. சீக்கிரம் காயும், இனிப்பா வாசனை வரும். முதல்ல தலை சுத்தும், அப்புறம் பழகிடும். அப்புறம் விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். அப்புறம் எறும்பும் போயிடும், விரலும் போயிடும். எதுக்கெடுத்தாலும் சிரிப்பாளே ஒருத்தி, சிரிப்பின்னு கூப்பிடுவோமே, அவளால இப்ப சட்டை பட்டன் போட முடியல. அவ வீட்டுக்காரர் போட்டு விடறார். அதுக்கும் ஒரு சிரிப்பு.

ரூம் ஜன்னலை எல்லாம் டேப் போட்டு ஒட்டியிருக்காங்க. காத்தோட தூசி வந்து ஈரப் பசையில உட்கார்ந்தா, எங்ககிட்ட ஷூ வாங்கற உங்க கம்பெனி இன்ஸ்பெக்டர் அந்த ஜோடியைத் தள்ளிடுவார். சரி, காத்தை வெளியே இழுக்கிற ஃபேன் ஒண்ணு வைங்கன்னு கேட்டோம். "கம்பெனி கொடுக்கிற ரேட்டுக்கு நீங்களே வாயால ஊதிக்கோங்க"ன்னார் முதலாளி.

இவ்வளவும் நடக்கிற சுவத்துல உங்க கம்பெனி போஸ்டர் வேற. "ஒவ்வொரு ஜோடியும் ஒரு நியாயத்துக்காக." வீட்டை விட்டு விரட்டின பொண்ணுங்களுக்குக் காப்பகம், ஜெயில்ல இருக்கிறவங்களுக்குப் படிப்பு, ஆத்தைச் சுத்தம் பண்றது. ஊர்ல இருக்கிற அத்தனை அநியாயமும் உங்க கண்ணுக்குத் தெரியுது. எங்களுக்கு ஒரு ஃபேன், அக்கா. என்னை இங்க சேர்த்து விட்டதும் நீதான், அந்தக் கம்பெனியில உட்கார்ந்திருக்கிறதும் நீதான். கேட்டுச் சொல்லு.

அம்மா நல்லா இருக்காங்க. கால் விஷயம் அவங்களுக்குத் தெரியாது. உளறி வைக்காதே.

தங்கச்சி


பிப்ரவரி 26

ஏ வாலு,

ஏண்டி, செருப்பு விழுந்தது தெரியாத அளவுக்கு விட்டுட்டா எனக்கு எழுதுவே? முதல்ல ஒரு நரம்பு டாக்டரைப் பாரு. நாளைக்கு இல்ல, இன்னைக்கே.

நான் ஒண்ணும் சும்மா இருக்கல. உன் கடிதாசி வந்த மறுநாளே ஷூ வாங்குற பிரிவுக்குப் போனேன். அங்க இருக்கிற மேனேஜரை நாங்க தராசுன்னு கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நிறுத்திப் பார்த்துட்டுக் கடைசியில முடியாதும்பார். அப்படியேதான் ஆச்சு. "அது நம்ம பட்டறை இல்லம்மா, நாம அவங்ககிட்ட வாங்கறோம், அவ்வளவுதான். இங்க ஒரு ஃபேன் கொடுத்தா மத்த பட்டறை எல்லாம் கையை நீட்டும்." நான் உதவிப் பிரிவு ஆளு. எங்க பணத்துலயாவது வாங்கிக் கொடுக்கறேனேன்னு சொன்னேன். அதுவும் ஆகாதாம். வெளியில இருக்கிறவங்களுக்குக் கொடுத்தா உதவியாம், நம்ம ஷூவை ஒட்டுறவங்களுக்குக் கொடுத்தா செலவாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்துல ஒரு சிரிப்புகூட இல்ல.

உடனே "உங்க கம்பெனியே வேஷம்"னு ஆரம்பிக்காதே. மேடம் உண்மையிலேயே நல்லவங்க. இத்தனை பெரிய கம்பெனியை நடத்திட்டு இன்னும் பஸ்லதான் வராங்க. ஜெயில்ல இருக்கிற பொண்ணுங்க கதையைக் கேட்டுட்டு சாப்பாட்டைத் தொடாம எழுந்து போனதை என் கண்ணால பார்த்திருக்கேன். ஆனா தராசைத் தாண்டி நேரா அவங்ககிட்ட போனா என் வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்க. அதனால வேற வழி யோசிச்சேன்.

வருஷா வருஷம் நாங்க அஞ்சு நியாயத்தைப் படம் போட்டு எல்லாக் கடையிலயும் மாட்டுவோம். ஒரு ஜோடி வாங்கறவங்களுக்கு ஒரு ஓட்டு. அதிகமா ஓட்டு விழறதுக்குப் பெரிய உதவி. இந்த வருஷம் அதுல ஒண்ணா "பசை அறைப் பெண்கள்"னு போடப் போறேன்! எந்தப் பட்டறைன்னு மூச்சு விடமாட்டேன். ஜெயிச்சா பணம் சட்ட உதவி சங்கத்துக்குப் போகும். தொழிலாளிங்களுக்காக வாதாடுற நல்ல வக்கீலுங்க அவங்க. அவங்க மூலமா இந்த மாதிரி ரூம் எல்லாத்துக்கும் ஃபேன் வரும், உங்களுக்கும்தான். தராசு வாயைத் திறக்க முடியாது. எப்படி உன் அக்கா மூளை?

ஒண்ணே ஒண்ணு. வேலையை மட்டும் விட்டுடாதே. ஆளே இல்லாத ரூமுக்கு யார் ஓட்டுப் போடுவாங்க?

அக்கா


மார்ச் 17

அக்கா,

நான் மூச்சு விட ஊரே ஓட்டுப் போடணுமா? படிச்சுட்டு முதல்ல ஆத்திரம்தான் வந்துச்சு. ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சுப் போட்டேன்.

டாக்டரைப் பார்த்தேன். அவர் சுத்தி வளைச்செல்லாம் பேசல. அந்த ரூமை விட்டு இப்பவே வெளியே வந்துட்டா நரம்பு கொஞ்சம் கொஞ்சமா திரும்பிடுமாம். அங்கேயே இருந்தா பாதத்துலேர்ந்து மேலே ஏறுமாம், கையும் சேர்ந்து போகுமாம். "முடிவு உன் கையிலதான்"னார். அந்தக் கையை எவ்வளவு நாளைக்கு வெச்சிருப்பேன்னு கேட்கத் தோணுச்சு, கேட்கல.

இங்க வேற வேலை இல்லைங்கறது உனக்கே தெரியும். பட்டறையை விட்டா அம்மா மாத்திரைக்கு நான் எங்க போவேன்? அதனால நாங்க எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். ஜன்னலைத் திறக்கிற வரைக்கும் சொல்யூஷன் டின்னைத் தொடாம கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துடறதுன்னு. உங்க கம்பெனி ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு, முதலாளியால ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது. கட்டாயம் இறங்கி வந்திருப்பார். நாளைக்கு உட்காரலாம்னு இருந்தப்ப உன் கடிதாசி வந்துச்சு. படிச்சுக் காட்டினேன். பாதிப் பேர் உட்காரலாங்கறாங்க, பாதிப் பேர் பொறுக்கலாங்கறாங்க. "பெரிய இடத்துல நமக்கு ஆள் இருக்கும்போது நாம ஏன் தெருவுல உட்காரணும்"னு சிரிப்பி சொல்றா. அவளுக்கு உன்மேல அவ்வளவு நம்பிக்கை.

நீயே சொல்லு. உட்காரட்டுமா, பொறுக்கட்டுமா? நீ சொல்றபடி செய்யறோம்.

தங்கச்சி


மார்ச் 25

வாலு,

பொறுங்க. தயவுசெஞ்சு உட்கார்ந்துடாதீங்க.

தகராறு நடக்கிற இடத்தை ஓட்டுக்கு எடுக்கக் கூடாதுங்கறது எங்க விதி. நீங்க கேட்ல உட்கார்ந்தா நாலு பேருக்குத் தெரியும், தராசு மோப்பம் பிடிச்சிடுவார், பேரை அடிச்சுத் தூக்கிப் போட்டுடுவாங்க. அப்புறம் உங்களுக்கு ஒரு ஜன்னல் கிடைக்கும், அவ்வளவுதான். நான் சொல்றது நூறு ரூமுக்கு ஃபேன், மருந்து, வக்கீல், எல்லாம். பெருசா கிடைக்கப் போறப்ப சின்னதுக்கு ஏன் அவசரம்?

ஓட்டு எண்ணறது அக்டோபர்ல. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடும். மூக்கை நல்லாத் துணியால கட்டிக்கோ. நடுநடுவுல வெளியே போய் நில்லு. போட்டோக்காரர் ஒருத்தரை அனுப்பறேன், பட்டறைக்கு வரமாட்டார், வீட்டுக்கு வருவார். காபி கொடுத்து உட்கார வை.

என்னை நம்புடி.

அக்கா


ஜூலை 18

அக்கா,

எழுத்து கோணல்மாணலா இருக்கும், பொறுத்துக்கோ. பேனா கையில இருக்கான்னு பார்த்துப் பார்த்துப் பிடிக்க வேண்டியிருக்கு.

உன் போட்டோக்காரர் வந்துட்டுப் போனார். தங்கமான மனுஷன். எங்களை வரிசையா உட்கார வெச்சார். சிரிப்பி வழக்கம்போல சிரிச்சுட்டா. "சிரிக்காதீங்கம்மா, கஷ்டப்படற மாதிரி இருங்க"ன்னார். "கஷ்டத்துலதான் சார் இருக்கேன், மூஞ்சிதான் இப்படி"ன்னா இவ. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம், அவரும்தான். கடைசியில முகமே வேண்டாம்னு கையை மட்டும் எடுத்தார்.

போன வாரம் லீவு அன்னைக்கு நாங்க எல்லாரும் கிளம்பி, பெரிய கடைத்தெருவுல இருக்கிற உங்க கடைக்குப் போனோம், எங்க படத்தைப் பார்க்க. வாசல் கண்ணாடியில ஆள் உயரத்துக்கு எங்க கை. எது யார் கைன்னு எங்களுக்கே தெரியல. உள்ளே போனா, ஓட்டுப் போட ஒரு ஜோடி வாங்கணும்னு சொன்னாங்க. நாங்க ஒட்டுற ஷூவை நாங்க ஒருநாளும் வாங்கினதில்லையே! வெளியே வந்து கூடிப் பேசி, ஆளாளுக்குக் கையில இருந்ததைப் போட்டு ஒரு ஜோடி வாங்கிட்டோம், எங்களுக்கு நாங்களே ஓட்டுப் போட்டுக்க. யார் அளவுக்கு வாங்கறதுன்னு ஒரு சண்டை. சிரிப்பிக்குன்னு முடிவாச்சு. கடைப் பொண்ணு அவளுக்குப் போட்டு விட்டு, "எங்கயாவது கடிக்குதாக்கா?"ன்னு கேட்டா. "தெரியலையேம்மா"ன்னா சிரிப்பி. அந்தப் பொண்ணு ஜோக்குன்னு நினைச்சுச் சிரிச்சுட்டா. நாங்க யாரும் சிரிக்கல.

இப்ப எனக்கு முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு. நேத்து அடுப்புலேர்ந்து பாத்திரத்தை இறக்கினேன். "என்னமோ கருகுது, பாரு"ன்னு அம்மா உள்ளேர்ந்து குரல் கொடுத்தாங்க. கருகினது என் விரல். அம்மாவுக்கு இப்ப எல்லாம் தெரிஞ்சு போச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க, நான் பார்த்துட்டு இருந்தேன், அவங்க பிடிச்சது எனக்குத் தெரியல.

டாக்டர் கண்டபடி திட்டினார். இன்னுமா அந்த ரூம்ல இருக்கேன்னு. அக்டோபர் வரைக்கும் சார்னேன். அக்டோபர்ல என்னன்னார். ஓட்டு எண்ணுவாங்கன்னேன். பேந்தப் பேந்த முழிச்சார் மனுஷன்.

பயமா இருக்குக்கா. நிஜமாவே பயமா இருக்கு. இப்பவாவது வெளியே வந்துடட்டுமா? ஆனா என் பேச்சைக் கேட்டுத்தான் எல்லாரும் உட்காராம இருந்தாங்க. அவங்களை அந்த ரூம்ல விட்டுட்டு நான் மட்டும் எப்படி எழுந்து வருவேன்?

தங்கச்சி


ஆகஸ்ட் 2

என் கண்ணு,

அவசரத்துல எழுதறேன், கடைகளுக்கு ஓட்டு அட்டை அனுப்புற வேலை மண்டையைப் பிளக்குது. ஆனா கேளு, நீங்கதான் முதல் இடத்துல இருக்கீங்க! காப்பகத்தையும் ஆத்தையும் தாண்டியாச்சு. அந்தக் கைப் படத்தைப் பார்த்துட்டு ஜனங்க கடையிலேயே கண்ணைத் துடைச்சுக்கறாங்களாம். நான் பெருமையில தரையில நிக்கல.

இன்னும் கொஞ்சம்தான். பல்லைக் கடிச்சுக்கோ. விரலுக்கு நல்ல மருந்தா போடு.

அக்கா


அக்டோபர் 30

வாலு,

ஜெயிச்சாச்சு. எப்படி எழுதறதுன்னு தெரியாம உட்கார்ந்திருக்கேன். உன் காதுக்கு அதுக்குள்ள விஷயம் வந்திருக்கும். ஆனா என் வாயால நீ கேட்கணும்.

முந்தாநேத்து பெரிய மண்டபத்துல விழா. மேடையில உங்க கைப் படம். மேடம் பேச ஆரம்பிச்சு, பாதியிலேயே அழுதுட்டாங்க. நடிப்பே இல்ல. அப்ப பேப்பர்லேர்ந்து வந்த ஒரு பொண்ணு எழுந்து, "இந்தப் பெண்கள் யாருடைய ஷூவை ஒட்டறாங்க?"ன்னு கேட்டா. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. தராசு தரையைப் பார்த்தார். என்னால பொய் சொல்ல முடியல. "நம்ம ஷூதான் மேடம்"னேன். எந்தப் பட்டறைன்னும் சொல்லிட்டேன்.

அவங்க முகத்தை நீ பார்த்திருக்கணும். மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "இந்தக் கைகள்மேல நான் நிக்க மாட்டேன். அந்தப் பட்டறையிலிருந்து இனிமே ஒரு ஜோடிகூட நம்ம கடைக்கு வராது. இன்னைக்கே நிறுத்தறேன்"னாங்க. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. நானும் தட்டினேன். எழுந்து நின்னு, கண்ணுல தண்ணியோட, கை வலிக்கத் தட்டினேன்டி. தட்டி முடிச்சு உட்கார்ந்த அப்புறம்தான் என்ன நடந்துச்சுன்னு மண்டையில ஏறிச்சு.

பின்னாலயே ஓடினேன். "மேடம், பட்டறையை நிறுத்த வேண்டாம், ஒரு ஃபேன் போதும்"னேன். "அவ்வளவு அநியாயம் பண்ணின முதலாளிக்கு நாம ஃபேன் பரிசு கொடுக்கணுமா?"ன்னாங்க. பிப்ரவரியிலேயே தராசுகிட்ட சொன்னேன்னும் சொன்னேன். என் தோள்ல கையை வெச்சு, "அதை இப்ப பேச வேண்டாம், நல்லது நடந்திருக்கு, அதைப் பார்ப்போம்"னாங்க.

ஜெயிச்ச பணம் சட்ட உதவி சங்கத்துக்குப் போயிடுச்சு. அவங்க உங்களைப் பார்த்துக்குவாங்க. பார்த்துக்கத்தானே வேணும்? ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


நவம்பர் 23

அக்கா,

இதை எழுதறது நான் இல்ல. நான் சொல்லச் சொல்ல எங்க தையல்காரி எழுதறா. தையல் பிரிவுல இருந்ததால அவ விரல் தப்பிச்சுது.

நீ கை தட்டின மறுநாள் கேட்ல பூட்டு. ரெண்டு வாரத்துல முதலாளி மிஷினை எல்லாம் வேற ஊருக்கு ஏத்திட்டார். அங்க வேற கம்பெனிக்கு ஒட்டறாங்க. அதே டின், அதே டேப் போட்ட ஜன்னல். நடக்க முடிஞ்சவங்க அங்க போயிட்டாங்க. அவங்களை என்ன சொல்றது? நடக்க முடியாம மிச்சம் இருக்கிறது நாங்க அஞ்சு பேர். நான் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணுக்குப் போறேன். முதலாளியைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னேன், அதை எழுத மாட்டேங்கறா இவ. நீயே போட்டுப் படிச்சுக்கோ.

சட்ட உதவி சங்கத்துலேர்ந்து ஒரு சின்னப் பொண்ணு வந்தா. நல்ல பொண்ணு, என் காலைப் பார்த்து அழுதா. நாங்க ஜெயிச்ச பணத்துல பசை ரூம் பத்தி ஆராய்ச்சி பண்ணப் போறாங்களாம், வேலையில இருக்கிறவங்களுக்கு முகமூடி கொடுக்கப் போறாங்களாம். எங்களுக்கு? நாங்க இப்ப வேலையில இல்லையே, அந்தக் கணக்குல வரமாட்டோமாம். சரி, கம்பெனி மேல ஒரு கேஸ் போட்டுக் கொடுன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "எங்க ஆபீஸ் நடக்கிறதே அவங்க உதவியில அக்கா"ன்னா. காப்பகத்துல கேட்டோம். தொழிலாளிங்களுக்காகப் பத்திரிகை போடறவரைக் கேட்டோம். எங்க போனாலும் வாசல்ல உங்க கம்பெனி பேர் இருக்கு. எங்களுக்காகச் சண்டை போடக்கூடிய ஒரு ஆளைக்கூட நீங்க விட்டு வைக்கல.

கடைசியில நாங்களே தொழிலாளர் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தோம். ஆபீசர் காது கொடுத்துக் கேட்டார். இந்தக் கெடுதல் கம்பெனிக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சுன்னு நிரூபிச்சா, வைத்தியம் அத்தனையும் அவங்கதான் பார்க்கணும்னார். கடிதாசி எல்லாம் செல்லாது, சொன்ன ஆள் நேர்ல வந்து சொல்லணும்னார். தராசுகிட்ட சொன்ன ஆள் நீ.

டாக்டர் சொல்லிட்டார், கால் இனி இவ்வளவுதான். ஆனா இப்ப வைத்தியம் ஆரம்பிச்சா கை திரும்ப வரும்கறார். கை வந்தா போதும்க்கா. சாப்பாட்டை நானே எடுத்துச் சாப்பிட்டா போதும். மத்த நாலு பேருக்கும் அப்படித்தான்.

டிசம்பர் 18 விசாரணை. வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. பழசை எல்லாம் நான் பேசமாட்டேன்.

தங்கச்சி


டிசம்பர் 5

என் தங்கமே,

வரேன். இதுல யோசிக்க என்ன இருக்கு? டிக்கெட் எடுத்தாச்சு, பதினேழாம் தேதி காலையில அங்க இருப்பேன். என் வேலை போனா போகட்டும், மயிரே போச்சு. அம்மாகிட்ட சொல்லு. சிரிப்பிகிட்டயும் சொல்லு. இன்னைக்குத் தபால் எடுக்கிற ஆள் அதுக்குள்ள கிளம்பிட்டார், மிச்சத்தை நாளைக்கு இதுலேயே எழுதி அனுப்பறேன்.

டிசம்பர் 12

இதை அன்னைக்கே அனுப்பியிருக்கணும்.

திருட்டுத்தனமா வர மனசு வரல, அதனால மேடம்கிட்ட சொன்னேன். அவங்க கத்தியிருந்தா நான் கிளம்பி வந்திருப்பேன். கத்தவே இல்ல. கதவைச் சாத்திட்டு என் பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. "போய்ச் சொல்லு, நான் தடுக்க மாட்டேன். ஆனா நம்ம பேர் கேஸ்ல வந்தா ஜனங்க ஷூ வாங்கறதை நிறுத்திடுவாங்க. காப்பகத்துல தூங்கற பொண்ணுங்க அடுத்த மாசம் எங்க தூங்குவாங்க? ஜெயில்ல படிக்கறவங்களுக்கு யார் இருக்கா? உன் தங்கச்சி பக்கம் அஞ்சு பேர். இந்தப் பக்கம் எத்தனை பேர்னு நீயே பார்த்துக்கோ"ன்னாங்க. பசை அறை உதவிக்கு என்னையே தலைமையா போட்டிருக்காங்க. நான் கேட்கல, அவங்களா கொடுத்தாங்க.

காப்பகத்துப் பொண்ணுங்களை எனக்குத் தெரியும்டி. பேரோட தெரியும். ஒருத்தி என் பக்கத்துல உட்கார்ந்து படிக்கக் கத்துக்கிட்டா. அவளைத் தெருவுல விடற வார்த்தையை என் வாயால எப்படிச் சொல்றது? சொல்லு. நீயா இருந்தா என்ன பண்ணுவே?

டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு. ஆனா உங்களை நான் விட்டுட மாட்டேன். இப்ப அதிகாரம் என் கையில இருக்கு. அடுத்த வருஷ ஓட்டுல "பசையால் முடங்கியவர்கள்"னு தனியாவே ஒண்ணு வைக்கிறேன், வைத்தியத்துக்கு. இந்தத் தடவை முகத்தையும் காட்டலாம். உன் முகத்தைப் பார்த்தா உருகாதவங்க யார் இருக்கா? அக்டோபர் வரைக்கும் மட்டும் தாக்குப் பிடி.

அக்கா


டிசம்பர் 22

அக்கா,

உன் கடிதாசி விசாரணை முடிஞ்ச மறுநாள்தான் வந்துச்சு. அதனால விசாரணைக்கு மொத நாளே எப்படியும் வந்துடுவேன்னு பதினேழாம் தேதி பூரா உனக்காக வாசலைப் பார்த்துட்டு இருந்தோம். அம்மா உனக்குப் படுக்கை போட்டு வெச்சாங்க.

தொழிலாளர் ஆபீஸ் மாடியில இருக்கு. சைக்கிள் கடைக்காரரும் சிரிப்பி வீட்டுக்காரரும் எங்களை ஒவ்வொருத்தரா நாற்காலியோட தூக்கிட்டு ஏறினாங்க. கம்பெனி வக்கீல் ரொம்ப மரியாதையான ஆளு. எங்களுக்கு வழி விட்டு நின்னார், குடிக்கத் தண்ணி கொண்டு வரச் சொன்னார். கம்பெனிக்கு முன்னாடியே தெரியும்னு சொல்ல யார் வந்திருக்கான்னு ஆபீசர் கேட்டார். எங்க அக்கா வருவான்னேன். சாப்பாட்டு நேரம் வரைக்கும் பொறுத்தார், நல்ல மனுஷன். அப்புறம் ஃபைலை மூடிட்டார். இறங்கும்போது யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தா தேவலாம். சிரிப்பி மட்டும், "அக்காவுக்கு என்ன ஆச்சோ, உடம்புக்கு முடியலையோ"ன்னா. உனக்காகக் கவலைப்பட்டா, தெரியுமா?

நீயா இருந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டிருக்கே. நான்தான் பண்ணிட்டேனே. ஜன்னலைத் திறக்கச் சொல்லி உட்காரப் போன அத்தனை பேரையும் உன் ஒரு வார்த்தைக்காகத் தடுத்து உள்ளே கூட்டிட்டுப் போனேன். நீ கெட்டவளா இருந்திருந்தா எனக்கு எவ்வளவோ நிம்மதி. தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்தியிருப்பேன். நீ நல்லவளாவே இருந்து எங்களை இப்படிப் பண்ணிட்டே. உங்க மேடமும் அப்படித்தான். நீங்க எல்லாரும் அழுவீங்க, எனக்குத் தெரியும். அம்மாவும்தான் அழறாங்க, ஆனா அவங்க அழுதுக்கிட்டே எனக்கு ஊட்டி விடறாங்க.

அந்தக் காப்பகத்துப் பொண்ணுங்க நல்லா இருக்கட்டும். மனசாரச் சொல்றேன். அவங்களும் நாங்களும் எதிரெதிர்ப் பக்கம்னு யார் பிரிச்சது?

வரவேண்டாம். எழுதவும் வேண்டாம். எழுதித் தர தையல்காரிக்கு நேரம் இல்ல, அவளும் அந்தப் புதுப் பட்டறைக்கே வேலைக்குப் போறா, தையல்ல இடம் இல்லாம சொல்யூஷன் ரூமுக்கு.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அடுத்த வருஷம் எங்களை ஓட்டுக்கு நிறுத்தாதே. நிறுத்தினா ஜெயிச்சிருவோம்.

தங்கச்சி